ஹஜ் பயணமும் உடல்நலமும்: மதுரைக்காரர்கள் அதிகம் கேட்கும் கேள்விகள்

ஹஜ் கமிட்டி குலுக்கலில் பெயர் வந்ததிலிருந்து விமானம் ஏறும் வரை ஹாஜிகள் வெளிப்படையாகக் கேட்பதெல்லாம் துவா, பெட்டியின் எடை, ரியால் பற்றித்தான். உடம்பைப் பற்றிய கேள்வி மட்டும் ஜும்ஆ முடிந்து செருப்பு மாட்டும் நேரத்தில், ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்கப்படும். காஜிமார் தெருவிலும் கோரிப்பாளையத்திலும் நெல்பேட்டையிலும் மேலூரிலும் அப்படிக் கேட்கப்படுகிற கேள்விகள் இவை. மார்க்கச் சட்டம் வரும் இடங்களில் உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்வதையும், மாத்திரை அளவு வரும் இடங்களில் உங்கள் டாக்டர் சொல்வதையும் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அத்தாவுக்கு 68 வயது. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. மெடிக்கல் ஃபிட்னஸ் கிடைக்குமா?

கட்டுப்பாட்டில் இருந்தால் பெரும்பாலும் கிடைக்கும். சுகரும் பிரஷரும் இருப்பதே தடை இல்லை. ஹஜ் கமிட்டி படிவத்தோடு வரும் மருத்துவச் சான்றிதழை அரசு அலோபதி டாக்டரிடம் வாங்க வேண்டும். பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ பழைய ரிப்போர்ட், ஆபரேஷன் செய்திருந்தால் அதன் டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

தடை உள்ள நோய்கள் வேறு. டயாலிசிஸில் இருக்கிற சிறுநீரகச் செயலிழப்பு, கொஞ்சம் அசைந்தாலே மூச்சு வாங்கும் அளவுக்கு முற்றிய இதய நோய், ஆக்சிஜன் தேவைப்படும் நுரையீரல் நோய், முற்றிய ஈரல் சுருக்கம், கீமோதெரபி நடந்துகொண்டிருக்கும் புற்றுநோய், கடுமையான மறதி நோய், தொற்றக்கூடிய நிலையில் உள்ள காசநோய், கர்ப்பத்தின் கடைசி மாதங்கள் ஆகியவை சவூதி அரசு சமீபத்தில் சொல்லியிருக்கும் பட்டியலில் வருகின்றன. பட்டியலை ஆண்டுதோறும் புதுப்பிப்பார்கள். அந்தந்த வருடத்துச் சுற்றறிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெரிந்த டாக்டர் ஒருவர் ‘எதுவும் இல்லை’ என்று எழுதித் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். நல்லது செய்வதாக நினைத்துத்தான் அவர் தருகிறார். ஆனால் அங்கே அத்தா மயங்கி விழுந்தால், பார்க்கிற டாக்டர் கையில் இருப்பது அந்தப் பொய்த் தாள்தான். ஸ்டென்ட் வைத்தது தெரியாமல், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவது தெரியாமல் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.

‘அங்கே சென்று வரச் சக்தி பெற்றவர்கள் மீது’ என்றுதான் குர்ஆன் (3:97) இந்தக் கடமையை விதிக்கிறது. அந்தச் சக்தியில் பணம் மட்டுமல்ல, உடம்பும் சேர்த்தி. குணமாகாத நோயில் இருப்பவருக்காக, ஏற்கெனவே தன் ஹஜ்ஜை முடித்த ஒருவர் பதலி ஹஜ் செய்யலாம். இதைச் சொன்னால் வீட்டில் அழுகை வரும் என்பது தெரியும். அழுகைக்குப் பயந்து நோயை மறைப்பதைத்தான் நம்மூரில் அதிகம் பார்க்கிறோம். நன்னியின் (பாட்டியின்) நெஞ்சுவலி அவர் மகளுக்கே தெரியாமல் இருந்த வீடுகள் உண்டு.

தடுப்பூசி எங்கே, எப்போது?

மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். ஏ, சி, ஒய், டபிள்யூ-135 என்ற நான்கு வகைக் கிருமிக்கும் சேர்த்துப் போடுவது இது. 1987-இல் ஹாஜிகளிடையே மூளைக்காய்ச்சல் பரவியது. 2000, 2001-இல் டபிள்யூ-135 வகை ஹாஜிகளோடு பல நாடுகளுக்குப் போனது. அதன் பிறகுதான் நான்கு வகை ஊசியைக் கட்டாயமாக்கினார்கள். சவூதி மண்ணை மிதிக்கக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும், கடைசி நேரத்தில் போட்டால் கணக்கில் வராது. இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குப் போலியோ சொட்டு மருந்தும் உண்டு. ‘இந்த வயதில் சொட்டு மருந்தா?’ என்று சிரிக்காமல் வாயைத் திறங்கள். முதியவர்களுக்கும் நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் ஃப்ளூ ஊசி தேவை.

கமிட்டி மூலம் போகிறவர்களுக்கான முகாம் தேதியையும் இடத்தையும் மாநில ஹஜ் கமிட்டி அறிவிக்கும். தனியார் டூரில் போகிறவர்கள் ஆபரேட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஊசி அட்டையை ஜெராக்ஸ் எடுத்து பாஸ்போர்ட்டோடும் கைப்பையிலும் தனித்தனியாக வையுங்கள்.

மதுரை வெயிலையே பார்த்தவர்கள் நாங்கள். மக்கா வெயில் என்ன செய்துவிடும்?

எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இதைக் கேட்பார். கத்திரி வெயிலில் மதுரைக்காரர் என்ன செய்கிறார் என்று யோசியுங்கள். பதினொரு மணிக்கு வீட்டுக்குள் போய் மின்விசிறியின் கீழ் படுத்துக்கொள்கிறார். ஹஜ்ஜில் அந்த நேரத்தில் நடக்க வேண்டியிருக்கும், அதுவும் தலையில் துணி இல்லாமல், சரியான தூக்கம் இல்லாமல், லட்சக்கணக்கான பேருக்கு நடுவில்.

2024 ஹஜ்ஜின்போது மக்காவின் பெரிய பள்ளிவாசலான ஹரம் பகுதியில் 51.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த வருடம் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசே அறிவித்தது. அவர்களில் 83 சதவீதம் பேர் அனுமதி இல்லாமல் வந்தவர்கள், அதாவது கூடாரமும் பஸ்ஸும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். விசிட் விசாவில் போய் ஹஜ் செய்துவிடலாம் என்று ஆசை காட்டும் ஏஜெண்டுகளுக்கு இந்த ஒரு கணக்கே பதில். ஹிஜ்ரி ஆண்டு கணக்கால் ஹஜ் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்ந்து வருகிறது. ஆனாலும் மே மாத மக்கா 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும்.

செய்ய வேண்டியது எளிது. குடை பிடியுங்கள். ஹஜ்ஜுக்கான தையலில்லாத துணி உடுத்தியிருக்கும் இஹ்ராமில் ஆண்கள் தலையில் தொப்பியோ துணியோ படக்கூடாது, குடை நிழலுக்குத் தடை இல்லை. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள், இடையிடையே ஓஆர்எஸ். பாத்ரூம் வரிசைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள்தான், குறிப்பாகப் பெண்கள், ஹாஜிகள் கூடாரங்களில் தங்கும் மினாவில் முதலில் சுருண்டு விழுகிறார்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும், நீர் போகும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் எவ்வளவு குடிக்கலாம் என்பதை இங்கேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வெயிலுக்கு ஏற்ப மாத்திரை அளவை மாற்ற வேண்டி வரலாம்.

கூட வருகிறவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால், தடுமாறினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது சாதாரணக் களைப்பு இல்லை. நிழலுக்கு இழுத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி, விசிறி, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீரோ ஜம்ஜமோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும்? இப்போதே பழகலாமா?

கட்டாயம் பழக வேண்டும். ஹரமில் உள்ள ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஒரு முறை நடக்கும் தூரம் ஏறக்குறைய 450 மீட்டர். ஏழு முறைக்கு 3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். வண்டியூர் தெப்பக்குளத்தை மூன்று சுற்று சுற்றினால் அந்தத் தூரம் வந்துவிடும். அது ஸயீ எனும் இந்த நடை மட்டும்தான், அதற்கு முன் கஃபாவை ஏழு சுற்று சுற்றும் தவாஃப் இருக்கிறது. தவாஃபை மேல் தளத்தில் செய்தால் வட்டம் பெரிதாகி தூரமும் கூடும். மினாவில் கூடாரத்துக்கும் கல்லெறியும் இடமான ஜமராத்துக்கும் போய்வரும் நடை தனி.

மூன்று நான்கு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். ஃபஜ்ருக்குப் பிறகு ஒரு சுற்று, வாரம் போகப் போக இரண்டு, மூன்று. ரேஸ்கோர்ஸ் மைதானமோ தெப்பக்குளமோ எதுவானாலும் சரி. அங்கே எந்தச் செருப்பைப் போடப் போகிறீர்களோ அதையே மாட்டிக்கொண்டு நடங்கள். இஹ்ராமில் ஆண்களின் செருப்பு கணுக்காலை மூடக்கூடாது என்பதால் நம்மாட்கள் கடைசி வாரத்தில் புதுச்செருப்பு வாங்குகிறார்கள். அது மதீனாவில் கடிக்கத் தொடங்கி, மினா வரும்போது புண்ணாகியிருக்கும்.

சுகர்காரர்கள் தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

கால். வேறு எதையும் விட முதலில் கால். பல வருடம் சுகர் இருந்தவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். ஹரமின் வெள்ளைப் பளிங்குத் தரை வெயிலிலும் சூடேறாது என்று நம்பி வெறுங்காலோடு வெளியே வருவார்கள். சாலையின் தார் அப்படி இல்லை. செருப்பு தொலைந்துபோய்ச் சாலையில் வெறுங்காலோடு நடந்தவருக்குப் பாதம் வெந்துபோனதே தெரியாது, இரவில் கொப்புளத்தைப் பார்க்கும்போதுதான் தெரியும். அதனால் செருப்பை வாசலில் விடாமல் சின்னத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டுங்கள். பையில் இன்னொரு ஜோடியும் இருக்கட்டும்.

ஒவ்வொரு இரவும் படுக்கும் முன் செல்போன் டார்ச்சை அடித்து இரண்டு பாதத்தையும், விரல் இடுக்குகளையும் பாருங்கள். குனிந்து பார்க்க முடியாதவர்களுக்கு அறையில் இருப்பவர் பார்த்துச் சொல்லட்டும், இல்லையென்றால் பாதத்தைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு எது இருந்தாலும் மறுநாள் காலையே டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும். ஹஜ்ஜின் முக்கிய நாளை நினைத்து ‘அரஃபா முடியட்டும்’ என்று தள்ளிப்போட்டவர்கள் ஊருக்கு வந்து விரலை இழந்திருக்கிறார்கள்.

இன்சுலினைப் பெரிய லக்கேஜில் போடாதீர்கள். விமானத்தின் சரக்குப் பகுதியில் உறைந்துபோகலாம், உறைந்த இன்சுலின் வீண். டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பயன்பாட்டில் இருக்கும் பேனாவைக் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே, 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் பெரும்பாலும் நான்கு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம். மக்காவின் வெயில் அதற்கு மேல் என்பதால் வெளியே போகும்போது குளிர்ப்பை தேவை. நடக்க நடக்கச் சுகர் இறங்கும். வியர்வை, நடுக்கம் வந்தால் வாயில் போட குளுக்கோஸ் பாக்கெட் சட்டைப் பையில் இருக்க வேண்டும், இஹ்ராம் நாட்களில் இடுப்புப் பெல்ட்டில். நமக்கும் மக்காவுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்பதையும் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

என்னென்ன மருந்து, எவ்வளவு எடுத்துப் போகலாம்? கசகசா போட்ட மசாலாப் பொடி கொண்டு போகலாமா?

தினமும் சாப்பிடும் மாத்திரை, பயணம் முழுவதுக்கும், அதற்கு மேல் ஒரு வாரத்துக்கும். பாதி கைப்பையில், பாதி பெட்டியில். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள், மாத்திரையின் பெயர் தெரியாமல் போய்விடும். டாக்டர் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். இங்கே விற்கும் கம்பெனிப் பெயர் அங்கே எந்த டாக்டருக்கும் தெரியாது.

வலி மாத்திரையில் டிரமடால், கோடீன் கலந்தவை, பிரிகாபலின், தூக்க மாத்திரைகள் எல்லாம் சவூதியில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. நரம்பு வலிக்குப் பிரிகாபலின் சாப்பிடும் சுகர்காரர்கள் நம்மூரில் நிறைய இருக்கிறார்கள். சீட்டு இல்லாமல் எடுத்துப் போனால் சிக்கல். மாற்று மருந்து உண்டா என்று டாக்டரிடம் முன்பே பேசுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ‘அங்கே இருக்கும் என் மச்சானிடம் கொடுத்துவிடுங்கள்’ என்று தரும் மாத்திரைப் பொட்டலத்தைத் தொடவே தொடாதீர்கள்.

கசகசா கூடவே கூடாது. அபினிச் செடியின் விதை என்பதால் சவூதியில் அது தடை செய்யப்பட்ட பொருள். குருமாவுக்கு அரைத்து வைத்த மசாலாப் பொடியில் இருந்தாலும் அதுதான். அம்மாவிடம் ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டுக்கொண்டு பெட்டியைக் கட்டுங்கள்.

அங்கே உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் யாரிடம் போவது? செலவு எவ்வளவு?

கமிட்டி ஹாஜிகளுக்கு இந்திய ஹஜ் அலுவலகம் மக்காவிலும் மதீனாவிலும் டிஸ்பென்சரிகளும் படுக்கை வசதியோடு மருத்துவமனையும் ஆம்புலன்ஸும் நடத்துகிறது. ஜித்தாவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் கீழ் இயங்குவது அது. டாக்டர்களும் நர்ஸ்களும் இந்தியாவிலிருந்து அந்தச் சீசனுக்கு அனுப்பப்படும் அரசு ஊழியர்கள். பார்ப்பதும் மருந்தும் இலவசம். மக்காவில் கமிட்டி ஹாஜிகள் அதிகம் தங்கும் அஜீஜியா பகுதியில், உங்கள் கட்டடத்துக்குப் பக்கத்து டிஸ்பென்சரி எது என்று போய்ச் சேர்ந்த முதல் நாளே நடந்துபோய்ப் பார்த்துவிடுங்கள். காய்ச்சல் வந்த பிறகு தேடினால் எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி தெரியும்.

டாக்டர் பீகார்க்காரராகவோ காஷ்மீர்க்காரராகவோ இருக்கலாம். தமிழ் தெரிந்தவர் வேண்டுமென்றால், நம் மாநிலத்திலிருந்து கூட வரும் ஹஜ் இன்ஸ்பெக்டரைப் பிடியுங்கள். முன்பு காதிமுல் ஹுஜ்ஜாஜ் என்று சொன்னார்களே, அவர்தான். அவருடைய சவூதி நம்பர் உங்கள் போனில் மட்டும் இருந்தால் போதாது, தாளில் எழுதி மனைவியின் பையிலும் இருக்க வேண்டும். 2024-இல் வந்த ஹஜ் சுவிதா ஆப்பையும் ஊரிலேயே இறக்கி, பிள்ளைகளிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

பெரிய பிரச்சினை என்றால் சவூதி அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. ஹரமை ஒட்டி அஜ்யாத் அவசர மருத்துவமனை, மினாவிலும் அரஃபாவிலும் ஹஜ் நாட்களுக்கென்றே திறக்கப்படும் மருத்துவமனைகள், இதய ஆபரேஷன் வரை செய்யும் மன்னர் அப்துல்லா மருத்துவ நகரம். ஹாஜிகளுக்கு அவசரச் சிகிச்சை அங்கேயும் இலவசம். மக்காவிலும் மதீனாவிலும் பொது அவசர எண் 911, செம்பிறைச் சங்க ஆம்புலன்ஸ் 997, சுகாதார அமைச்சகத்தின் உதவி எண் 937.

கையில் கட்டியிருக்கும் அடையாள வளையத்தையும் சவூதி அரசு தரும் நுசுக் அட்டையையும் குளிக்கும்போதுகூடக் கழற்றி வைக்காதீர்கள். மயங்கிய ஆளுக்குப் பெயர் சொல்வது அந்த இரண்டும்தான். கூடவே ஒரு சின்ன அட்டையில் பெயர், ஹஜ் கமிட்டி தந்த கவர் நம்பர், ரத்த வகை, நோய், மருந்துகள், ஒவ்வாத மருந்து, இங்குள்ள மகனின் நம்பர் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதி லேமினேட் செய்து கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் அரஃபா போய்விடுமே?

இந்தப் பயத்தில்தான் நெஞ்சுவலியை வாயுத் தொல்லை என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறார்கள். பயப்பட வேண்டாம். மருத்துவமனையில் இருக்கும் ஹாஜிகளில் நகர்த்தக்கூடிய நிலையில் உள்ளவர்களை, துல்ஹஜ் 9 அன்று ஆம்புலன்ஸ் வரிசையாக டாக்டர்களோடு அரஃபா மைதானத்துக்குக் கூட்டிப்போவதைச் சவூதி சுகாதார அமைச்சகம் ஆண்டுதோறும் செய்கிறது. மதீனாவில் படுத்திருப்பவர்களையும் அப்படியே கொண்டுவருகிறார்கள். படுக்கையில் இருந்தபடியே அரஃபாவில் தங்கினாலும் ஹஜ்ஜின் அந்தப் பெரிய கடமை நிறைவேறிவிடும். சீக்கிரம் சொன்னவருக்குத்தான் இந்த வாய்ப்பு. அறையிலேயே மறைத்துப் படுத்திருந்து நிலைமை முற்றியவரை நகர்த்தவும் முடியாது.

அம்மாவுக்கு முட்டிவலி. வீல்சேர் கிடைக்குமா?

கிடைக்கும். ஸயீ செய்யும் இடத்தின் நடுவில் வீல்சேருக்கென்றே தனிப் பாதை உண்டு. மேல் தளங்களில் பேட்டரி வண்டிகளும் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. தள்ளுவதற்குக் கூலி கொடுப்பதானால் அனுமதி பெற்ற ஆளைப் பார்த்து, தொகையை முன்பே பேசிக்கொள்ளுங்கள். கல்லெறிய முடியாதவருக்காக மற்றவர் எறியலாம். 65 வயதுக்கு மேற்பட்டவர் துணை இல்லாமல் போக முடியாது என்று கமிட்டி விதி வைத்திருப்பதும் இதற்காகத்தான். அந்தத் துணை முதுகுவலிக்காரராக இருந்தால் இருவரையும் மூன்றாவது ஆள் பார்க்க வேண்டியிருக்கும், யோசித்துச் சேருங்கள்.

இஹ்ராமில் ஊசி, பேண்டேஜ், மாஸ்க், வாசலின் இதெல்லாம் ஆகுமா?

ஊசி, டிரிப், காயத்துக்குக் கட்டு எல்லாம் ஆகும். தொடை உரசிப் புண்ணாவது ஆண்களுக்கு இஹ்ராமில் பெரிய தொல்லை. வாசனை இல்லாத வாசலினை முதல் நாளிலிருந்தே தடவுங்கள். சோப்பும் வாசனை இல்லாததாக இருக்கட்டும். முட்டிக்குப் போடும் பேண்ட், குடலிறக்கப் பெல்ட், முதியோர் டயாபர், பெண்களின் மாஸ்க் ஆகியவற்றில் ‘தேவைக்கு ஆகும்’ என்பதோடு சில இடங்களில் ஃபித்யா (பரிகாரம்) பற்றிய பேச்சும் வரும். ஹஜ்ரத்திடம் இங்கேயே கேட்டுவிடுங்கள். டயாபர் விஷயத்தைக் கேட்க வெட்கப்பட்டு, தண்ணீரே குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வாங்கிக்கொள்ளாதீர்கள்.

மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை சாப்பிடலாமா?

பல பெண்கள் சாப்பிடுகிறார்கள். ஆனால் மருந்துக்கடையில் நேராக வாங்கிச் சாப்பிடக்கூடாது. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த வரலாறு, ஒற்றைத் தலைவலி, ஈரல் பிரச்சினை இருந்தால் ஆபத்து. பெண் டாக்டரிடம் இரண்டு மாதத்துக்கு முன்பே காட்டி, ஒருமுறை சாப்பிட்டு உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். மாத்திரை இல்லாமலே வந்துவிட்டாலும் ஹஜ் கெடாது. தவாஃபைத் தவிர மற்றதெல்லாம் செய்யலாம், சுத்தமான பிறகு தவாஃப். விமானத் தேதி நெருங்கினால் மட்டுமே சிக்கல், அப்போது இன்ஸ்பெக்டரிடமும் ஆலிம்களிடமும் உடனே சொல்லுங்கள்.

எல்லோரும் இருமிக்கொண்டே திரும்பி வருகிறார்களே?

கூட்டம், ஏசிக் குளிர், வெளியே அனல், ஐஸ் தண்ணீர், தூக்கமின்மை. பெரும்பாலானவை வைரஸ் இருமல், தானாகப் போகும். அறைக்காரர் நீட்டும் ஆன்டிபயாட்டிக்கை வாங்கி விழுங்காதீர்கள். கூட்டத்தில் மாஸ்க், அடிக்கடி கை கழுவுதல், சுக்குக் காப்பி போதும். மூச்சு வாங்கினால், காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் போனால் டிஸ்பென்சரி. ஒட்டகப் பண்ணைக்குச் சுற்றிப் பார்க்கப் போவதும் அங்கே பச்சைப் பால் குடிப்பதும் வேண்டாம். 2012-இல் சவூதியில் கண்டறியப்பட்ட மெர்ஸ் வைரஸ் ஒட்டகத்திலிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடியது.

மொட்டை போடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

உங்கள் கண் முன்னால் உறை பிரித்த புது பிளேடு. ஒரே பிளேடில் பலருக்கு வழித்தால் மஞ்சள் காமாலை பி, சி கிருமிகள் பரவும். தெருவோரத்தில் ஆளுக்கு ஆள் வழித்துவிடும் இடங்களைத் தவிர்த்து, உரிமம் பெற்ற கடைக்குப் போங்கள்.

அங்கே மௌத்தாகிவிட்டால்?

அடக்கம் அங்கேயே நடக்கும், உடல் ஊருக்கு வராது. ஹரமில் ஜனாஸாத் தொழுகை வைப்பார்கள். இறப்புச் சான்றிதழ் இந்தியத் துணைத் தூதரகம் வழியாக வரும், வங்கிக்கும் பென்ஷனுக்கும் அது தேவைப்படும். கிளம்பும் முன் கடன், நகை, பத்திரம் இருக்கும் இடத்தை எழுதி வைப்பது பழைய வழக்கம்தான், விட்டுவிடாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு?

வீடு நிறைய விருந்தாளிகள், முஸாஃபஹா, பேரீச்சம்பழம், ஜம்ஜம் என்று ஒரு வாரம் ஓடும். அதற்குள் விட்டுப்போன சுகர் டெஸ்டைச் செய்துவிடுங்கள். பயணத்தில் மாற்றிய மாத்திரை அளவு பலருக்கு அப்படியே தங்கிவிடுகிறது. இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோடு மூச்சுத்திணறல் வந்தால், ‘ஹஜ்ஜுக்குப் போய் வந்தேன்’ என்பதை டாக்டரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை, அரசு மருத்துவமனையில் இலவசம். ஜம்ஜம் குடியுங்கள், ஷிஃபா கேளுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.